தண்ணீர் குடிக்காத பெண்கள்

யாரபின் பண்ணை, பணியாளர் குடியிருப்பு
8 பிப்ரவரி 1998, ஞாயிறு

நெரிடா,

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் நீ கேட்டதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மறக்கவில்லை. "வாழ்க்கையில எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடி நீ?" என்று அம்மா முன்னால், உன் மாமியார் முன்னால், கையில் வான்கோழித் தட்டை வைத்துக்கொண்டு கேட்டாய். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டது உண்மைதான். ஆனால் இந்தக் கொட்டகையில் ஏழாவது மாதமாக வேலை செய்கிறேன், ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடிலெய்டு ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மனிதர்களின் தலையைப் படம் எடுக்கிறவள் நீ. வேறு யாரைக் கேட்பேன்? தலைவலி எத்தனை நாள் விடாமல் இருக்கலாம்?

எனக்கு இன்றோடு ஒன்பது நாள். விட்டு விட்டு இல்லை, ஒரே பிடியாக. படுத்தால் அதிகமாகிறது. அதுதான் வேடிக்கை. தலைவலி வந்தால் படுத்துக்கொள்ளத்தானே சொல்வார்கள்?

வெயில் காரணமாக இருக்கலாம். கொட்டகைக்குள் நாற்பத்திநாலு டிகிரி. ஆறு பேர் ஆடுகளைக் கத்தரிக்கிறார்கள், நாங்கள் நாலு பெண்கள் கம்பளி அள்ளுகிறோம். கீழே விழுந்த கம்பளியை அள்ளி ஓடி மேஜைமேல் விரித்து எறிந்துவிட்டு, அடுத்தது விழுவதற்குள் திரும்பி வந்து நிற்கவேண்டும். மணி அடித்தால் இரண்டு மணி நேரம் மூச்சு விடமுடியாது.

ஆனால் உன் தங்கை கெட்டிக்காரி. கக்கூஸ் இருப்பது குடியிருப்புக்குப் பின்னால், முந்நூறு கஜம் தள்ளி. ஆண்களுக்குக் கொட்டகையின் பின்சுவரே போதும். நாங்கள் போய்த் திரும்புவதற்குள் நாலு கம்பளி தரையில் கிடக்கும், காண்டிராக்டர் நெவில் கூரை இடியக் கத்துவார். அதனால் காலையில் ஒரு கோப்பை டீயோடு சரி. சாயங்காலம் ஐந்தரைவரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன். மாதவிலக்குத் தொல்லையும் வேண்டாம் என்று கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் போடுகிறேன், இங்கே சேர்ந்ததிலிருந்து. மற்ற மூன்று பெண்களுக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். "மார்னி பொண்ணில்லடா, ஒட்டகம்" என்று நெவிலே மெச்சினார்.

கேள்விக்கு மட்டும் பதில் எழுது. புத்திமதி வேண்டாம்.

மார்னி


அடிலெய்டு
15 பிப்ரவரி 1998

மார்னி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முதல் முறை படித்தபோது கோபம் வந்தது, இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மன்னித்துக்கொள், வந்ததைச் சொல்கிறேன்.

உன் தலைவலியோடு எனக்கு எவ்வளவு பழக்கம் என்று உனக்கே தெரியும். திங்கட்கிழமைத் தலைவலி. கணக்குப் பரீட்சைத் தலைவலி. நீச்சல் வகுப்பு இருந்த வருடம் பூரா புதன்கிழமைத் தலைவலி. அம்மா வேலையில் இருப்பாள், நான்தான் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவேன். நெற்றியில் ஈரத்துணியோடு சாகப்போகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாய். கார் தெருமுனை திரும்பியதும் "நெரிடா, ஐஸ்கிரீம்?" என்பாய். நர்ஸ் படிப்பை விட்டபோதும் என்ன சொன்னாய்? "அந்த வகுப்புல உக்காந்தா தல வலிக்குது."

அதனால் உன் கேள்விக்கு முன்னால் என் கேள்வி. சனிக்கிழமை எத்தனை பீர்?

வெயிலில் வேலை, மேலே பீர், தண்ணீர் கிடையாது. தலை வலிக்காமல் பாட்டா பாடும்? தண்ணீர் குடி. பாரசிட்டமால் போடு. இன்னும் ஒரு வாரம் இருந்தால் டாக்டரைப் பார். இதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்காரி தேவையில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கேட்டதை எல்லார் முன்னாலும் கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டது தப்பு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

நெரிடா


யாரபின்
22 பிப்ரவரி 1998

நெரிடா,

நீ ஜெயித்தாய். சந்தோஷமா?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைத் தபால் லாரியில் வந்தது. புதன்கிழமை காலை ஒரு நல்ல கம்பளியின் மேலேயே வாந்தி எடுத்தேன். நெவில் ஒரு வார்த்தை திட்டாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டி டவுன் ஆஸ்பத்திரியில் விட்டார். அவர் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன், கண்ணில் தூக்கம்.

"எங்க வேல?"

"கம்பளிக் கொட்டகை."

"அப்படியா! சனிக்கிழம எவ்வளவு உள்ள போச்சு?"

"ஆறு பீர்."

அவனுக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. "வேற மருந்து மாத்திர ஏதாவது?" என்று கேட்டான், இல்லை என்றேன். ஆனாலும் நல்லவன், உன்னிடம் இருக்கிற மாதிரி ஒரு மெஷினில் என் தலையைப் படம் எடுக்கச் சொன்னான். படம் சுத்தம். "மூளை ஜோரா இருக்கு. கொட்டகத் தலவலி, வேற ஒண்ணுமில்ல" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினான். வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நீ சொன்னதையே மெஷினும் சொல்லிவிட்டது. இனி இதைப்பற்றி எழுதமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரிடமும் சொல்லமுடியவில்லை. நான் பொய் சொல்லவில்லை நெரிடா. எட்டு வயதில் சொன்னேன், சரி. இப்போது சொல்லவில்லை. படுக்கமுடியாமல் நாலு நாளாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன். எங்கள் சமையல்காரி ஹூயா, நியூசிலாந்து மாவோரிக்காரி, அவள்தான் முதுகுக்கு ஒரு கம்பளி மூட்டை கொண்டுவந்து வைத்தாள். கத்தரிக்கிற மெஷின் நின்ற பிறகும் வலது காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, நாடி அடிக்கிற கணக்கில். கம்பளி அள்ளக் குனிந்து நிமிர்ந்தால் நாலு விநாடி எல்லாம் சாம்பலாகப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. பழகிவிட்டது.

அந்த டாக்டரிடம் இதெல்லாம் சொன்னாயா என்று கேட்பாய். அவன் பீரைப்பற்றித்தான் கேட்டான்.

மார்னி


ஃபேக்ஸ், பக்கம் 1/2
26 பிப்ரவரி 1998, வியாழன், பகல் 2.40
மார்னிக்கு மட்டும். தயவுசெய்து மடித்துக் கொடுக்கவும்.

மார்னி,

பன்னிரண்டு மணிக்கு உன் கடிதம் வந்தது. பன்னிரண்டே காலுக்குப் பண்ணை வீட்டுக்குப் போன் செய்தேன். முதலாளியம்மா பெர்யல் கொட்டகைவரை நடந்துபோய் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "வேலையா இருக்கேன்னு சொல்லுங்க" என்றாயாம். மறுபடி ஒரு மணிக்குச் செய்தேன். "அவகிட்ட பேச ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்றாயாம். சரி. பேசவேண்டாம். படி. நின்றுகொண்டே படி.

உனக்கு வந்திருப்பது பீர்த் தலைவலி இல்லை என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, படம் எடுக்கிறவள். ஆனால் செவ்வாய்க்கிழமை இருபது வயதுப் பெண் ஒருத்தி என் மேஜையில் படுத்திருந்தாள், கல்லூரியில் படிக்கிறவள். அவளுடைய முதல் படமும் சுத்தம்தான், எடுத்ததே நான்தான். எல்லாரும் ஒற்றைத் தலைவலி என்றார்கள். நரம்பு டாக்டர் வாசிலியூ வந்து மூன்றே கேள்வி கேட்டார். "படுத்தா அதிகமாகுதா? குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு மங்குதா? கருத்தடை மாத்திர போடுறியா?" மூன்றுக்கும் ஆமாம். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பின்னால் நரம்பு வீங்கியிருந்தது. உடனே எம்.ஆர்.ஐ.யில் சிரைகளை மட்டும் தனியாகப் படம் எடுக்கச் சொன்னார். தலையின் உச்சியில் ஓடுகிற பெரிய சிரை முழுக்க ரத்தம் உறைந்துபோயிருந்தது.

அந்த மூன்று கேள்வியையும் கேட்டபோது எனக்கு உன் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. டாக்டரைப் பார் என்று சொல்லியாகிவிட்டதே என்று சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன். இன்று உன் இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் போனை எடுத்தேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தலைக்குள் ரத்தம் போவது ஒரு வழி, வெளியே வருவது இன்னொரு வழி. வெளியே வருகிற வழி அடைத்தால் சமையலறைத் தொட்டி மாதிரி உள்ளே நிரம்பும். டவுனில் எடுத்த படம் மூளையைக் காட்டும், அந்த வழியைத் தெளிவாகக் காட்டும் என்று சொல்லமுடியாது. வழி அடைத்திருந்தாலும் மூன்றில் ஒருவருக்குப் படம் சுத்தமாகவே தெரியும். அந்தப் பையன் உன்னை ஏமாற்றவில்லை. ஆனால் மருந்து மாத்திரை உண்டா என்றதற்கு இல்லை என்றாயே, கருத்தடை மாத்திரை என்ன மிட்டாயா? அதிலிருக்கிற ஈஸ்ட்ரஜன் லட்சத்தில் ஒருசிலருக்கு ரத்தத்தை உறையவைக்கும். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் உடம்பைக் காயப்போட்டால் அந்த ஆபத்து கூடும்.

பண்ணைகளுக்கு விமானத்தில் வருகிற டாக்டரைக் கூப்பிடச் சொல்லு. உன் கண்ணுக்குள் பார்க்கச் சொல்லு. இந்தக் காகிதத்தை அவரிடம் கொடு. மாத்திரையை இன்றே நிறுத்து. தண்ணீர் குடி.

நீ பொய் சொல்லவில்லை. நான்தான் காது கொடுக்கவில்லை. என்னோடு ஜென்மத்துக்கும் பேசாமல் இரு, பரவாயில்லை. விமானத்தில் மட்டும் ஏறு.

நெரிடா


ஃபேக்ஸ்
யாரபின், 26 பிப்ரவரி, மாலை 4.30

நெரிடா,

மடித்துக் கொடுக்கவும் என்று மேலே எழுதினால் யார் மடிப்பார்கள்? டீ இடைவேளையில் பெர்யல் கொண்டுவந்தார்கள். என் கண் மங்கலாக இருந்ததால் நெவில் வாங்கி உரக்கப் படித்தார். கருத்தடை மாத்திரை என்ற இடத்தில் அவர் முகம் சிவந்த சிவப்பு இருக்கிறதே! ஆறு ஆண்களும் டீக்கோப்பைக்குள் என்னவோ தேடினார்கள். இனி இந்தக் கொட்டகையில் எனக்கு மரியாதை என்று ஒன்று மிச்சம் இல்லை. ரொம்ப நன்றி.

யார் முன்னாலும் சொல்லக்கூடாததைச் சொல்வதில் நீ மாறவே இல்லை. ஆனால் "நீ பொய் சொல்லவில்லை" என்பதையும் அவர் உரக்கத்தான் படித்தார். அதை எல்லாரும் கேட்டார்கள்.

நாளைக்குப் பக்கத்துப் பண்ணையில் விமான டாக்டர் வருகிற நாள். போகிறேன். உன் வாயை மூடத்தான்.

இதை நான் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல ஹூயா எழுதுகிறாள். வலது கை மதியத்திலிருந்து மரத்துக் கிடக்கிறது, பேனா நிற்கமாட்டேன் என்கிறது.

மார்னி

இது ஹூயா. இனி நானாக எழுதுகிறேன். நாளைவரை யாரும் காத்திருக்கப்போவதில்லை. கை விஷயம் எனக்கே இப்போதுதான் தெரியும், இவள் யாரிடமும் சொல்லவில்லை. பெர்யல் போனில் விமான டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் எழுதியதை வரி வரியாகப் படித்துக் காட்டுகிறார்கள். ஆறு மணிக்குள் இறங்குகிறார்களாம். நெவில் ஓடுபாதையிலிருந்து ஆடுகளை விரட்டப் போயிருக்கிறார். உங்கள் தங்கச்சி என் மடியில் சாய்ந்திருக்கிறாள். நீங்கள் உங்கள் மெஷினைத் தயாராக வையுங்கள்.


அம்மா வீடு, கெல்லர்ஸ் பே
5 ஏப்ரல் 1998

நெரிடா,

இது என் கையெழுத்துதான். கோணலாக இருக்கிறது, ஆனால் என் வலது கை போட்டது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. அதற்கும் நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் தினமும் நீ வந்தாய். ஒரு நாளாவது நாம் ஒழுங்காகப் பேசினோமா? நீ தலையணையைத் தட்டிப்போட்டாய், நான் ஜன்னலைப் பார்த்தேன். எழுதினால்தான் நமக்கு வாய் வருகிறது.

விமானத்தில் வலிப்பு வந்தது எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் வெளிச்சம், யாரோ ஊசி, ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். டங் டங்கென்று சத்தம். அதற்கு நடுவே ஒலிபெருக்கியில் உன் குரல். "மார்னி, அசையாத. இன்னும் ஆறு நிமிஷம்தான். ஒரே ஆறு நிமிஷம்டி." எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பள்ளிக்கூட ஆபீசில் உன் கார்ச் சாவிச் சத்தம் கேட்டதும் வருமே ஒரு தைரியம், அது வந்தது. வந்துவிட்டாள், இனி இவள் பார்த்துக்கொள்வாள் என்று. அசையவே இல்லை, தெரியும்தானே?

உச்சிச் சிரையில் ஆரம்பித்து வலது காதின் பின்புறம்வரை அடைப்பு என்று டாக்டர் வாசிலியூ அம்மாவுக்குப் படம் போட்டுக் காட்டினார். அம்மா அந்தக் காகிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கண்ணோ கையோ உயிரோ, எது என்று சொல்லமுடியாது என்றாராம். அதை அம்மா பால்காரர் உட்பட எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

இப்போது வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரை கூடவா குறையவா என்று. கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும், ஒரு நாள் கொஞ்சம் ஒரு நாள் நிறைய என்று கூடாது. அம்மா கோஸ் இலையைத் தராசில் நிறுத்துப் போடுகிறாள். என்னைக் காப்பாற்றினீர்கள் சரி, இதிலிருந்து யார் காப்பாற்றுவது?

செப்டம்பரில் மறுபடி படம். சிரை திறந்திருந்தால் மாத்திரையை நிறுத்திக் கொட்டகைக்குப் போகலாம். இல்லாவிட்டால் கத்தி, கொம்பு, ஆடு பக்கமே போகக்கூடாது. நான் கொட்டகைக்குத் திரும்பவேண்டும் நெரிடா. சிரிக்காதே. எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. விரித்து எறிகிற கம்பளி சுருக்கமில்லாமல் மேஜையில் விழுகிறபோது இருக்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

நன்றி என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை, அடித்துவிட்டேன். நீயே போட்டுக்கொள்.

மார்னி


அடிலெய்டு
13 ஏப்ரல் 1998

மார்னி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் படித்தேன். நீ போட்டுக்கொள்ளச் சொன்ன வார்த்தையைப் போட்டுக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் தினமும் சொல்ல வந்து, தலையணையைத் தட்டிவிட்டுப் போனேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்று அதை வேலைக்கு எடுத்துப்போனேன். டீ அறையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினேன். தண்ணீர் தொடமாட்டேன், மாத்திரையை இடைவெளி விடாமல் போடுகிறேன், மார்னி ஒட்டகம், எல்லாம். உன் குரலிலேயே படித்தேன். நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் தலையைப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. ஒன்பது நாள் தலைவலி, படுத்தால் அதிகம் என்று நான் வாயால் படிக்கிறேன், நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். ஒருத்தி, "உன் தங்கச்சிய இங்க அனுப்பு, பொழுது போகும்" என்றாள்.

எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது மார்னி. மாத்திரை இருந்தது, தண்ணீர் இருந்தது, படுத்தால் அதிகமாவது இருந்தது. டவுன் டாக்டருக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நீ எழுதியே கொடுத்தாய். இரண்டு வாரம் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

வாசிலியூவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "சின்ன வயசுக்காரங்க தலவலின்னு வந்தா நாம மொதல்ல அவங்க வயசப் பாக்குறோம், அப்புறம்தான் தலயப் பாக்குறோம்" என்றார். அப்புறம், "நானும்தான் ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். ஒருத்தி திரும்பி வரல" என்றார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் என்னோடு பேசலாம் என்று தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால், அம்மாவிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எண்ணை மட்டும் வாராவாரம் தெரியப்படுத்து.

நெரிடா


கெல்லர்ஸ் பே
26 ஏப்ரல் 1998

நெரிடா அம்மையாருக்கு,

இந்த வார எண் 2.4. நீ கேட்டது அதுதானே? கடிதம் முடிந்தது.

இரண்டு நாள் அப்படியே அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். கோபம் வரத்தான் செய்தது. டீ அறையில் உட்கார்ந்து என் குரலில் படித்தாயாமே! உன்னோடு சிரித்த அந்த மூன்று பேரும் என்னை வார்டில் வந்து பார்த்தார்கள், பூ கொடுத்தார்கள். ஒருத்தி அழுதாள். நான் என்னவோ பெரிய மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் யோசித்தேன். நான் அதைச் சிரிக்கவைக்கத்தானே எழுதினேன்? ஒட்டகம் என்று மார் தட்டிக்கொண்டது நான். மூன்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அவர்களில் ஒருத்திக்கு இது வந்திருந்தால்? அவளுக்கு உன்னை மாதிரி வாயாடி அக்கா யார் இருக்கிறார்கள்? எனக்குத் தூக்கம் போனது அதை நினைத்துத்தான். உன்னை நினைத்து இல்லை, அதனால் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

ஹூயாவுக்கு எழுதிக் கேட்டேன். அவளுடைய பதில் நேற்று வந்தது. பெண்கள் மூவரும் ஒரு திங்கட்கிழமை காலை மணி அடித்ததும் எழுந்திருக்கவில்லையாம், கம்பளிப் பொதிமேல் உட்கார்ந்துவிட்டார்களாம். கம்பளி தரையில் குவிகிறது. நெவில் கத்துகிறார். ஹூயா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "இவளுங்களுக்குக் கொட்டகையை ஒட்டிக் கக்கூஸ் வராத வரைக்கும் உங்க யாருக்கும் மத்தியானச் சாப்பாடு கெடையாது" என்றாளாம். ஆட்டுக்கறி வாசனை அடித்துக்கொண்டிருந்ததாம். ஆறு ஆண்களும் மெஷினை அணைத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு நெவிலே டிராக்டரில் சங்கிலி கட்டி அந்தத் தகரக் கக்கூஸை முந்நூறு கஜமும் இழுத்து வந்தாராம், திட்டிக்கொண்டே. இப்போது தூணுக்குத் தூண் தண்ணீர்ப் பை தொங்குகிறதாம்.

அதனால் நீ எனக்குச் செய்ததையும் நான் அவர்களுக்குச் செய்ததையும் சேர்த்து மூட்டை கட்டி வைத்துவிடுவோம். எனக்குக் கோபப்பட்டுக்கொண்டே இருக்கத் தெம்பு இல்லை. அக்கா என்று எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

செப்டம்பரில் படம் எடுக்கும்போது நீதான் எடுக்கவேண்டும். வேறு யாராவது ஒலிபெருக்கியில் பேசினால் எழுந்து வந்துவிடுவேன்.

மார்னி


அடிலெய்டு
2 செப்டம்பர் 1998, புதன், மாலை 5

மார்னி,

நீ இப்போது பஸ்ஸில் இருப்பாய். உன் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது.

சொந்தத் தங்கையை நான் படம் எடுக்கக்கூடாது என்றார்கள். பிப்ரவரியில் ஆள் இல்லை, விட்டார்கள். இந்தத் தடவை சண்டை போட்டு வாங்கினேன். ஒரே நிபந்தனை: டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது, ஜாடைகூடக் காட்டக்கூடாது. பதினோரு வருடமாக இந்த விதியை நான் மீறியதில்லை. எத்தனையோ பேர் அந்த மேஜையிலிருந்து இறங்கி என் முகத்தைப் படிக்கப் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் பிடி கொடுத்ததில்லை.

இன்று கடைசிப் படம் திரையில் வந்தபோது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழுதுவிட்டேன். நீ குழாயிலிருந்து வெளியே வந்து தலையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டாய். "எவ்வளவு மோசம்?" என்று கேட்டாய். "டாக்டர் சொல்லுவார்" என்றேன். "நெரிடா, நான் தாங்கிக்குவேன், சொல்லு" என்றாய். நான் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். நீ பொத்தானை மாற்றிப் போட்டாய். நீ "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். உன் பின்னால் ஓடி வராமல் இருக்க நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு வாசிலியூ கையெழுத்துப் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்வார். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைதான் உன்னிடம் வரும். அதனால் இதில் நான் எந்த விதியையும் மீறவில்லை, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இன்று ராத்திரி நீ படப்போகிற பாட்டை நினைத்தால் மட்டும் சோறு இறங்கவில்லை. அதற்காக நீ என்னை எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் உன் உச்சிச் சிரையை நான்தான் முதலில் பார்த்தேன். நெற்றியிலிருந்து பின்மண்டைவரை வெள்ளையாக ஓடவேண்டியது, துளி வெள்ளை இல்லாமல் கருப்பாகக் கிடந்தது. அந்தப் படம் என் தலைக்குள் அப்படியே பதிந்துவிட்டது. எந்த இடத்தில் எவ்வளவு அடைப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இன்று அதே இடங்களில் போய் அந்த அடைப்பைத் தேடினேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்துப் பின்மண்டைவரை, அங்கிருந்து வலது காதுவரை. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி தேடினேன். உன் பெயர்தானா, உன் பிறந்த தேதிதானா என்று பார்த்துவிட்டு மூன்றாம் தடவை தேடினேன்.

கிடைக்கவே இல்லை மார்னி. அதற்குத்தான் அழுதேன்.

நெரிடா